உருளாத தண்டு

அத்தியாயம் 9

“இந்தக் கண்ணாடி வீட்டுல இருக்கற எல்லாரும் ஒரே குடும்பமா சார்?” என்று கேட்டான் ஒட்டடை.

“குடும்பம் மட்டுமில்ல, ஒரே பேரினம். அத்தனையும் சால்வியா,” என்றார் தாவரவியல் பூங்காவின் டைரக்டர்.

“இத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழயா? அப்ப சொத்துத் தகராறு இல்லாம இருக்காதே!”

டைரக்டர் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நம்புகிற முகம் அவருக்கு. துப்பறியும் மேடம்தான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்துக்கொண்டார்.

மேடத்தை ஊரே மேடம் என்றுதான் அழைக்கும். கட்டின புருஷனும் அப்படித்தான் அழைக்கிறார் என்பது ஒட்டடைக்குத் தெரியும். மேடத்தின் ஆபீஸில் டெலிபோனை எடுப்பது அவன் வேலை. ஏணி போடாமலே ஒட்டடை அடிக்கிற உயரம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. கல்யாண வயது தாண்டியும் பெயர் போகவில்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். இன்றைக்குக் காலையிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது.

காரணம் இருந்தது. இந்தப் பூங்காவில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள் அவனுடைய சித்தி. அவனை வளர்த்தவள், அடித்தவள், அடித்துவிட்டு அழுதவள். போன மாதம் இந்தக் கண்ணாடி வீட்டிலிருந்து ஒரு தொட்டி காணாமல் போனது. ‘மைக்கூடு’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட சால்வியா. மையைக் கொட்டியது போன்ற கருநீலப் பூ, உலகத்தில் ஒரே ஒரு தொட்டி. அன்று மாலை கடைசியாகப் பூட்டியவள் சித்தி. சித்தியைக் கேட்டில் நிற்க வைத்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பையில் தூரிகைகளும் ஒரு பாதி சீப்பும்தான் இருந்தன. ஆனாலும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்று மதியம் கமிட்டி கூடுகிறது. கூடி முடித்ததும் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

“சாவி ரெண்டே ரெண்டு,” என்றார் டைரக்டர். “ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு அந்தம்மாகிட்ட. என்னை நான் விசாரிச்சுப் பார்த்தேன். நான் எடுக்கல.”

“உங்களை நீங்க அடிச்சு விசாரிச்சீங்களா, சும்மா கேட்டீங்களா?” என்றான் ஒட்டடை.

மேடம் அவன் காலை மிதித்தார். “தொட்டியைத் தேடினீங்களா?”

“தேடாம இருப்போமா? சால்வியா இருக்கற எல்லா இடத்துலயும் தேடிட்டோம். இந்த வீடு பூரா. அந்தக் கடைசிப் பெஞ்சு தவிர.”

“அதுல என்ன?”

“அதுங்க சால்வியா இல்ல மேடம். சனங்க சால்வியாவை சேஜ்னு சொல்லுவாங்க இல்லையா? அது மாதிரி வாசனை வந்தா, நிறம் இருந்தா, கண்டதையெல்லாம் சேஜ்னு கூப்பிட்டுடுவாங்க. அந்தப் போலி சேஜுங்களை ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகக் கடைசியில வெச்சிருக்கோம். சால்வியா இல்லாத இடத்துல சால்வியாவை எதுக்குத் தேடணும்?”

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. கைரேகை, ரத்தத்துளி, நுண்ணோக்கி என்பதெல்லாம் மேடத்துக்கு ஆகாது. ஆள் எதைச் சொல்கிறான், சொல்லும்போது எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறான், அவ்வளவுதான் பார்ப்பார். அதற்கே இதுவரை ஏழெட்டுப் பேர் உள்ளே போயிருக்கிறார்கள்.

முதலில், சித்திக்கு அடுத்தபடியாக ஊர் சந்தேகப்பட்ட கூட்டணிப் புரொபசரைப் பார்க்கப் போனார்கள்.

இந்தப் பூங்காவில் செடிகளை வகைப்படுத்துகிற புரொபசர்கள் இரண்டு பேர். ஒருவர், ஒன்றாக இருப்பதை எல்லாம் வேறு வேறு என்று நிரூபிக்கிறவர். அவரைப் பிரிவினைப் புரொபசர் என்பார்கள். இன்னொரு அம்மையார், வேறு வேறாக இருப்பதை எல்லாம் ஒன்று என்று நிரூபிக்கிறவர். அவர் கூட்டணிப் புரொபசர். இவருடைய பெண்ணைத்தான் அவருடைய பையன் கட்டியிருக்கிறான். வீட்டில் சம்பந்திகள், தோட்டத்தில் ஜென்ம விரோதிகள். பேரப்பிள்ளை யார் ஜாடை என்பதைக்கூட ஆளுக்கொரு கட்டுரையாக எழுதினார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான்.

கூட்டணி அம்மையார் வெளியே ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“இது யாருன்னு தெரியுதா?” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“ரோஸ்மேரி,” என்றார் மேடம்.

“நேத்து வரைக்கும். இப்ப சால்வியா.”

“கல்யாணம் பண்ணிக்கிட்டதா?” என்றான் ஒட்டடை.

“கூடப் பிறந்ததுப்பா. மரபணுவைப் பார்த்ததும் குட்டு உடைஞ்சு போச்சு. சால்வியாக் கூட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு இத்தனை காலமா வேற பேர்ல நடமாடிட்டு இருந்திருக்கு. இப்ப ரெண்டே வழிதான். ஒண்ணு, இதை உள்ள சேர்த்துக்கணும். இல்லன்னா சால்வியாவைத் துண்டு துண்டா உடைச்சு நூத்துக்கணக்கான செடிக்குப் பேர் மாத்தணும். உலகத்துல பாதிப் பேர் சேர்த்துக்கலாம்னோம். என் சம்பந்தி உடைக்கலாம்னாரு. அவருக்கு ஒரு கடலை கிடைச்சாலும் உடைச்சுப் பார்த்துட்டு, உள்ள இருக்கற ரெண்டு பருப்பும் வேற வேற இனம்னு சொல்லுவாரு.”

“எது சால்வியா, எது இல்லன்னு எங்களை மாதிரி ஆளுங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?”

அம்மையாரின் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைக்காமல் தவித்திருப்பார் போலிருக்கிறது. பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து ஒட்டடையின் கையில் கொடுத்தார்.

“தண்டைத் தடவிப் பாரு. நாலு மூலை இருக்கா? துளசி, புதினா, இது, எல்லாம் ஒரே குடும்பம். பெரும்பாலும் சதுரத் தண்டு. இலை ஜோடி ஜோடியா எதிரெதிரா வரும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு உண்டு.”

“பேசுமா அம்மா?”

“உன்னளவு பேசாது. குடும்பத்துக்கு இவ்வளவு போதும். சால்வியாவுக்குன்னு தனி அடையாளம் ஒண்ணு இருக்கு. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் மகரந்தத் தாள் நாலு இருக்கும். இவங்களுக்கு ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டும் சின்னப் பசங்க விளையாடற சீசா பலகை மாதிரி. தேனீ தேன் குடிக்கத் தலையை விட்டா, ஒரு முனை அழுந்தும். மறுமுனை மேலேர்ந்து வந்து அது முதுகுல மகரந்தத்தைத் தட்டி விட்டுடும்.”

“முதுகுல தட்டிக் குடுத்தே வேலை வாங்கற கம்பெனி!” என்றான் ஒட்டடை. “எங்க ஆபீஸ் மாதிரியே.”

“மைக்கூட்டுக்கு எத்தனை தாள்?” என்று மேடம் கேட்டார்.

“அதுதான் கேள்வி! சம்பந்தி நாலுன்னாரு. நாலுன்னா அது சால்வியாவே இல்ல, புதுப் பேரினம், அதுக்கு அவர் பேரையே வெச்சுக்கலாம். வெளிநாட்டு மாநாட்டுல மேடை ஏறி அறிவிச்சுட்டு வேற வந்துட்டாரு. கமிட்டி முன்னாடி பூவைப் பிரிச்சுக் காட்டுங்கன்னு நான்தான் கேட்டேன். மறுநாள் காட்டறதா இருந்தாரு. முந்தின நாளே தொட்டி போயிடுச்சு. நான் திருடிட்டேன்னு ஊர் பூரா பேச்சு. எம் பொண்ணே கேக்கறா, ‘நீயாம்மா?’ன்னு.”

“நீங்களா?” என்றார் மேடம்.

“அந்தப் பூவைப் பிரிச்சுப் பார்க்க நான் உசிரையே குடுத்திருப்பேன். ஒளிச்சு வெச்சு எனக்கென்ன பிரயோஜனம்?” என்று சொல்லிவிட்டு, ரோஸ்மேரியின் தலையை, இல்லை, சால்வியாவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பிரிவினைப் புரொபசரின் அறை வேறு உலகமாக இருந்தது. மேஜையில் சிவப்புப் பேனாவுக்கு ஒரு குவளை, இளஞ்சிவப்புக்கு ஒரு குவளை, இரண்டுக்கும் நடுவிலான நிறத்துக்கு ஒரு குவளை. வாசலில் செருப்பை இடது தனியாக, வலது தனியாகக் கழற்றி வைத்திருந்தார். இந்த ஆள் எந்தப் பலகையையும் அப்படியே ஒப்புக்கொண்டதாகப் பூங்காவின் வரலாற்றிலேயே கிடையாதாம். சாக்பீஸும் கையுமாக அலைவார். பிரதான வாசலில் ‘வருக’ என்று எழுதியிருந்த பலகைக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டவர் என்று டைரக்டர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

“என் செடி போச்சு,” என்றார் புரொபசர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. “விஞ்ஞானத்துக்கே இழப்பு.”

“அது போனதால உங்க புதுப் பேரினமும் போயிடுமா?” என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

“அதெப்படிப் போகும்? நான் பார்த்திருக்கேன், எழுதியிருக்கேன், படம் போட்டிருக்கேன். செடி இல்லாததால என் வர்ணனையையே ஆதாரமா எடுத்துக்கணும்னு இன்னைக்குக் கமிட்டியில தீர்மானம் வருது. வேற வழி? பிரிச்சுப் பார்க்கப் பூவே இல்லையே!”

“பாவம்,” என்றார் மேடம். “அந்தப் பலகை எழுதற அம்மாமேல கோபமா இருக்கும் உங்களுக்கு.”

“கோபமா? இல்லம்மா, பரிதாபம். எதோ ஆசைப்பட்டு எடுத்துட்டா. பெரிய தண்டனையெல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்றேன்.”

வெளியே வந்ததும் ஒட்டடை பல்லைக் கடித்தான். “பரிதாபமாம்! எங்க சித்தி ஆசைப்பட்டு எடுத்தாளாம்! வீட்டுல ரோஜாத் தொட்டி வெச்சா எறும்பு வரும்னு தூக்கிப் போட்டவ அவ.”

“தொலைச்சவர் தேடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லல, கவனிச்சியா?” என்றார் மேடம். அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல் கமிட்டி அறைப் பக்கம் நடந்தார். “நீ போய் சித்தியைக் கூட்டிட்டு வா.”

சித்தி பெயிண்ட் கொட்டகையில் தன் தூரிகைகளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதிருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

“சாப்பிட்டியாடா?” என்றாள்.

“ஆச்சு. நீ?”

“திருடிக்கு எதுக்குச் சாப்பாடு?”

“சித்தி, சும்மா இரு.”

“என்ன சும்மா இரு? இந்தத் தோட்டத்துல என் கையெழுத்து இல்லாத செடி ஒண்ணு காட்டு பார்ப்போம். இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு செடி பேரும் மனசுல நின்னதில்ல, அது வேற விஷயம். எழுதிக் குடுக்கறதைப் பார்த்து வரைவேன். இவங்களும் ஒரு பேர்ல நிப்பாங்களா? அந்த ரோஸ்மேரிக்கு மட்டும் எத்தனை தடவை எழுதினேன் தெரியுமா? ஒருத்தர் சேருங்கறாரு, ஒருத்தர் பிரிங்கறாரு, நடுவுல பெயிண்ட்டு என் புடவையில. அப்படிப்பட்டவ, இவங்க செடியைத் தூக்கிட்டுப் போய் வீட்டுல வெச்சு என்ன பண்ணப் போறேன்? அதுக்கும் வாரா வாரம் பலகை மாத்தவா?”

சாவியைக் கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றாள். கொட்டகையிலிருந்து கமிட்டி அறைக்குப் போகக் கண்ணாடி வீட்டின் பின்கதவுதான் குறுக்கு வழி. உள்ளே நுழைந்ததும் கடைசிப் பெஞ்சு வந்தது. போலி சேஜ்கள் வரிசையாக நின்றன, ஒன்றிரண்டு வெள்ளிப் பூச்சு அடித்தது போலச் சாம்பல் நிறத்தில்.

ஒட்டடைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கவலை வந்தால் கையில் கிடைத்ததைக் கிள்ளுவான். ‘தொடாதே’ என்று சித்தியின் கையெழுத்திலேயே எழுதியிருந்ததற்கு முன்னால் நின்றுகொண்டு, சாம்பல் செடி ஒன்றில் ஒரு காம்பைக் கிள்ளிப் பெஞ்சின் மேல் போட்டான். பெஞ்சு தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. காம்பு உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. நாலு தொட்டி தள்ளி இன்னொரு சாம்பல் செடி. அதிலும் ஒன்றைக் கிள்ளிப் போட்டான்.

அது உருளவில்லை.

போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளினான். ஒரு பக்கம் புரண்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டது. எடுத்துத் தடவினான். நாலு மூலை இருந்தது.

“சித்தி,” என்றான். குரல் அவனுக்கே வேறு மாதிரி கேட்டது. “இங்க வா. இந்த ரெண்டு தொட்டியிலயும் என்ன எழுதியிருக்கு?”

“எனக்கெப்படிடா தெரியும்? ஏதோ எழுதியிருக்கு.”

“ஒரே பேரு. ரெண்டும் ஆர்ட்டிமீசியா, சூரியகாந்திக் குடும்பம். ஒரே செடிக்கு ரெண்டு பலகை எழுதுவியா நீ?”

“எனக்கென்ன பைத்தியமா?” சித்தி குனிந்து பார்த்தாள். “இது புதுசு. இது… இது வெயில்ல வெளுத்துப் போச்சுன்னு கழட்டி, இங்க மூலையில சாய்ச்சு வெச்சேன். வேலை முடிஞ்சதும் கொட்டகைக்குக் கொண்டு போகலாம்னு. அன்னைக்குத்தான்டா, அந்தத் தொட்டி போன அன்னைக்கு. நான் தூரிகை கழுவிட்டு வந்து பார்த்தா காணோம். சரி, தோட்டக்காரன் எடுத்துட்டான்னு நினைச்சுப் பூட்டிட்டேன். செத்த பலகை எப்படிடா உசிரோட வந்துச்சு?”

ஒட்டடை செடியை மேலிருந்து கீழே பார்த்தான். உயரமாக இருந்திருக்க வேண்டிய பூத்தண்டைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்த தழும்பு தெரிந்தது. இலைகள் ஜோடி ஜோடியாக, எதிரெதிராக. தழும்புக்குக் கீழே, இரண்டு இலைக்கு நடுவிலிருந்து, புதிதாக ஒரு சின்னக் கிளை. அதன் நுனியில் மைத்துளி போல ஒரு பூ அப்போதுதான் வாயைத் திறந்திருந்தது. எத்தனை பேர் இந்த வழியாகப் போயிருப்பார்கள்! சூரியகாந்திக் குடும்பத்தில் ஒருத்தி கருநீல உதட்டைத் திறந்துகொண்டு நிற்கிறாள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் ஓடிப் போய் மேடத்தின் காதில் சொன்னான்.

“பலகையைக் கழட்டாதே,” என்றார் மேடம். “அப்படியே தூக்கிட்டு வா.”

கமிட்டி அறையில் நீள மேஜை போட்டு, டைரக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பிரிவினை, மறுபக்கம் கூட்டணி, மிச்ச நாற்காலிகளில் தலையாட்டுவதற்கென்றே வந்த சில பெரியவர்கள். சித்தி கதவோரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. முன்கூட்டியே வந்துவிட்ட இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒட்டடை தொட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தான். பூ இருந்த பக்கத்தை மேடம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி,” என்றார். “எங்க வீட்டுக்கு ஒரு செடி வாங்கலாம்னு. இது என்னன்னு பெரியவங்க சொன்னா நல்லது.”

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தார். “ஆர்ட்டிமீசியா. சூரியகாந்திக் குடும்பம்.” பெரியவர்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள். ஒருவர் நல்ல ஆர்ட்டிமீசியா என்றுகூடச் சொன்னார். கூட்டணி அம்மையார் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“நீங்க என்ன சார் சொல்றீங்க?” என்று மேடம் பிரிவினைப் புரொபசரைப் பார்த்தார்.

“ஆமாம், ஆமாம்,” என்றார் புரொபசர் அவசரமாக. “ஆர்ட்டிமீசியாதான். பலகையில சரியாத்தான் போட்டிருக்கு. ஒரு சந்தேகமும் வேண்டாம். எடுத்துட்டுப் போங்க.”

பெரியவர்களின் தலை ஆடுவதுகூட நின்றது.

“சம்பந்தி!” என்றார் கூட்டணி அம்மையார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து. “உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு பலகையை நீங்க சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே! நம்ம பிள்ளைங்க கல்யாணப் பத்திரிகையில உங்க பேரையே தப்புன்னு சொன்னவராச்சே நீங்க!”

“அதேதான் எனக்கும் தோணுச்சு,” என்றார் மேடம். “வாசல்ல ‘வருக’வுக்கே கேள்விக்குறி போட்டவர், இதை மட்டும் பார்த்த உடனே ஒத்துக்கிட்டார். ஏன்னா இந்தப் பலகையை இந்தத் தொட்டியில வெச்சது அவர்தான்.”

தொட்டியைத் திருப்பினார். மைத்துளிப் பூ எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. டைரக்டர் பலகையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். எதை நம்புவது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“தொட்டி வெளியே போனாத்தானே சாவி வேணும்? இது வீட்டை விட்டே போகல. பலகைக்காரம்மா தூரிகை கழுவப் போன நேரத்துல, நாலு பெஞ்சு தள்ளி நடந்திருக்கு, அவ்வளவுதான். பூத்தண்டை வெட்டிட்டு, மூலையில கிடந்த பழைய பலகையைச் செருகிட்டா வேலை முடிஞ்சது. இங்க யாரும் செடியைப் பார்க்கறதில்ல, பலகையைத்தான் படிக்கறீங்கன்னு இவருக்கு நல்லாத் தெரியும்.”

“அபாண்டம்!” என்றார் பிரிவினை. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. “என் செடியை நானே எதுக்குத் திருடணும்?”

“அதை இந்தப் பூவையே கேட்டுடலாம்.”

மேடம் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கூட்டணி அம்மையாரிடம் நீட்டினார். அம்மையார் பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டார். பூவின் உதட்டை விலக்கி, ஊசி முனையால் தொண்டையில் மெல்ல அழுத்தினார். மேலேயிருந்து இரண்டு தாள்கள் ஒன்றாகக் குனிந்து வந்து ஊசியைத் தட்டின. ஊசியில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது.

“ரெண்டு,” என்றார் அம்மையார். “ரெண்டே ரெண்டு. சீசா வேலை செய்யுது. இதோ பக்கத்துல ரெண்டு சின்ன மொட்டை நுனி இருக்கு பாருங்க, வளராமப் போன தாள். சால்வியாவுல இது சகஜம். சம்பந்தி இதையும் சேர்த்து எண்ணிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையா எதையோ சேர்த்திருக்கார், அதுவும் தப்பாச் சேர்த்திருக்கார்.”

பிரிவினைப் புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் இருந்த மிடுக்கு அதோடு போய்விட்டது.

“மாநாட்டுலேர்ந்து வந்தப்புறம்தான் பார்த்தேன்,” என்றார் தரையைப் பார்த்து. “எல்லாரும் கை தட்டியாச்சு. என் பேர்ல ஒரு பேரினம்… நான் செத்தாலும் அது இருக்கும்னு நினைச்சேன். ரெண்டுதான்னு எப்படிப் போய்ச் சொல்றது? பூவை வெட்டிட்டா ஆதாரம் போயிடும்னு… தொட்டியைத் தூக்கிக் குப்பையில போடத்தான் போனேன். மனசு வரல.”

“வெட்டினா மறுபடி பூக்கும்னு தெரியாதா சார்?” என்றான் ஒட்டடை. “பேர் வைக்கத்தான் பழகியிருக்கீங்க போல, வளர்க்கப் பழகலையா?”

இந்தத் தடவை மேடம் அவன் காலை மிதிக்கவில்லை.

“உங்க பேர் நிலைக்கணும்னு எங்க சித்தி பேரைக் கெடுத்தீங்க,” என்றான். கிண்டல் வரவில்லை. “பரிதாபம்னு வேற சொன்னீங்க.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு புரொபசருக்குப் பக்கத்தில் போய் நின்றார். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சித்தியிடம் வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க.”

“வரேன்,” என்றாள் சித்தி. “ஆனா கதவைச் சாத்திட்டு இங்க ரகசியமாச் சொன்னாப் போதாது. கேட்டுல, நூறு பேர் பார்க்க என் பையைக் கொட்டினீங்க. தோட்டம் பூரா மைக் வெச்சிருக்கீங்களே, அதுல சொல்லுங்க.”

டைரக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவர் அறிவிப்பு அறைக்குப் போனார். கமிட்டிப் பெரியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சித்தியும் ஒட்டடையும் வெளியே வந்து நின்றார்கள். கம்பத்து மேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

“பார்வையாளர்கள் கவனத்துக்கு. நமது பூங்காவில் பெயர்ப்பலகை எழுதும் அம்மையாரைத் தொட்டி காணாமல் போன விவகாரத்தில் திருடர் என்று கருதியது வகைப்பாட்டுப் பிழை. அன்னார் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, நேர்மையானவர்கள் பிரிவில் மீண்டும் சேர்க்கப்படுகிறார். நன்றி.”

புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யார் அது, என்ன தொட்டி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒட்டடைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சித்தி தோளைத் தொட்டான். அவள் அசையவில்லை.

“திரும்பச் சொல்லச் சொல்லு,” என்றாள்.

“ஏன் சித்தி? தெளிவாத்தானே சொன்னாரு?”

“‘மீண்டும்’னு ஒரு வார்த்தை போட்டான் பாரு. நான் எப்படா அந்த இடத்தை விட்டுப் போனேன்?”

ஒட்டடை அறிவிப்பு அறையை நோக்கி ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. டைரக்டர் முழு அறிவிப்பையும் முதலிலிருந்து படித்தார். அந்த ஒரு வார்த்தை வருகிற இடத்தில் குரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அது இல்லாமலே மேலே போனது.

சித்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வழியாக வெளியே நடந்தாள். வாட்ச்மேன் எழுந்து நின்று வழி விட்டான்.